ஒரே பாட்டோடு ஒரு பறவை, ஆண்டுக்கொரு பாட்டோடு இன்னொன்று

ஜீப்ரா ஃபின்ச்சும் கேனரியும் விதை தின்னும் சிறு பறவைகள். தடித்த குட்டை அலகைப் பார்த்தால் ஒரே குடும்பம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழும் ஜீப்ரா ஃபின்ச் எஸ்ட்ரில்டிடே குடும்பம். கேனரித் தீவுகள், மடெய்ரா, அசோர்ஸ் ஆகியவற்றின் கேனரி ஃபிரிஞ்சில்லிடே குடும்பம். இரண்டுமே பாட்டைக் கேட்டுத்தான் கற்கின்றன. அதன் பிறகுதான் வழிகள் பிரிகின்றன.

ஜீப்ரா ஃபின்ச்சின் ஆண் குஞ்சு பெரும்பாலும் தந்தையின் பாட்டை மனதில் வாங்கிக்கொள்கிறது. பிறகு தானே முணுமுணுத்து, தன் குரலைக் கேட்டுக் கேட்டுத் திருத்துகிறது. சுமார் 90 நாள் வயதில் பாட்டு உறுதிப்பட்டுவிடும். சில அசைகள், மாறாத வரிசை. ஆயுள் முழுக்க அதுதான். மழை பெய்ததும் இனப்பெருக்கத்தில் இறங்கும் பறவைக்கு இந்த வேகம் மிகவும் பொருந்துகிறது.

கேனரியின் பாட்டு நீளமானது. ஒரே அசையை அடுக்கடுக்காகத் திரும்பப் பாடி, சட்டென்று அடுத்த அசைக்குத் தாவும். நொடிக்கு 25 அசைகள் ஓடும்போதுகூட ஒவ்வோர் அசைக்கும் இடையில் துளி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது! மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள குரலுறுப்பின் இடப்பக்கமே அதன் பெரும்பாலான அசைகளை எழுப்புகிறது.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கேனரியின் பாட்டு நெகிழ்ந்துவிடும். சில அசைகள் உதிரும், புதியவை சேரும். அடுத்த வசந்தத்தில் வேறொரு பாட்டு நிலைபெறும். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ நோட்டபோம், பாட்டை இயக்கும் மூளைப்பகுதி இலையுதிர் காலத்தைவிட வசந்தத்தில் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதை 1981இல் தெரிவித்தார். வளர்ந்த கேனரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதை 1983இல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மேனும் காட்டினார்கள். முதிர்ந்த மூளையில் அப்படி நடக்காது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. என்னைக் கேட்டால், பறவைகள் நரம்பியலுக்குத் தந்த மிகப் பெரிய கொடை இதுதான்.

புதிய அணுக்கள் புதிய பாட்டுக்காகவே என்று முடிவு கட்டிவிட முடியாது. பாட்டை மாற்றாத ஜீப்ரா ஃபின்ச்சின் மூளையிலும் அவை சேர்கின்றன. அதன் பாட்டும் தானாக நிலைத்து நிற்பதல்ல: வளர்ந்த பறவை செவித்திறனை இழந்தால் அசைகள் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைகின்றன. ஆக, மாறாத பாட்டையும் அது நாள்தோறும் தன் காதால் சரிபார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.