நம்ம வீட்டு ஷோகேஸ்ல இருக்குற பவளமும் அந்த சுனாமியும்

நான் கடலுக்கடியில பவளப்பாறை சர்வே எடுக்குற டைவருங்க, சொந்த ஊரு பாலக்கோடு பக்கம். லீவுக்கு வந்தா டீக்கடையில கேக்குறது ஒண்ணுதான், "ஏம்பா, சுனாமியில பவளமெல்லாம் தூள் தூளா போயிருக்குமே?" எல்லா எடத்துலயும் அப்படி ஆகல.

2004 டிசம்பர் 26க்கு அப்புறம் இந்தோனேசியாவுல ஆச்சே பக்கம் இறங்கி பாத்தாங்க. பாறையில ஒட்டி வளர்ந்த பவளம் பெரும்பாலும் அப்படியே நின்னுச்சு, மணல் மேல சும்மா உக்காந்திருந்ததுதான் உருண்டு கவிழ்ந்து போச்சு. வெடி போட்டு, சயனைடு அடிச்சு மீன் பிடிச்ச எடத்தோட கதிதான் அலை அடிச்ச எடத்தை விட மோசம்.

பெரிய அடி விழுந்தது நிலநடுக்கத்தால. வட அந்தமானோட மேற்குக் கரை ஒரு மீட்டர் அளவுக்கு மேல ஏறிடுச்சு, தண்ணிக்குள்ள இருந்த பவளப்பாறை வெளிய வந்து வெயில்ல காஞ்சு செத்துச்சு. மூணு மாசம் கழிச்சு 2005 மார்ச் 28ல வந்த இன்னொரு நிலநடுக்கத்துல, இந்தோனேசியாவோட நியாஸ், சிமிலு தீவுலயும் இதே கதைதான். அந்தப் பக்கம் கிரேட் நிகோபார்ல இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல இறங்கி லைட்ஹவுஸ் அடிப்பாகம் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

அடுத்தது சேறு. அலை திரும்பிப் போறப்ப கரையில இருக்குற மண்ணு, மரம், குப்பை எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகும். பவளத்துக்குள்ள குடியிருக்குற பாசி வெயில வச்சுதான் அதுக்கு சாப்பாடு பண்ணித் தருது, சேறு மூடிட்டா அந்த வெயில் படாது. கொஞ்சம் தூசி விழுந்தா பவளமே சளி மாதிரி ஒண்ணை விட்டு தள்ளிடும், ஆனா விரல் கனத்துக்கு படிஞ்சிடுச்சுன்னா அவ்ளோதான், கையால விசிறி மண்ணை விலக்கிப் பாத்தா அடியில வெள்ளை வெளேர்னு எலும்புக்கூடு மட்டும் இருக்கும்.

இலங்கையில ஹிக்கடுவைல பவளப்பாறையை பாதுகாத்து வச்சிருந்தாங்க, அலை சுமார் 50 மீட்டர்தான் உள்ள வந்துச்சு. சில கிலோமீட்டர் தள்ளி பெரலியவுல பவளத்தை வெட்டி வித்துட்டாங்க, அங்க ஒண்ணரை கிலோமீட்டர் உள்ள வந்துச்சு, ரயிலையே பொரட்டிப் போட்டது அங்கதான். கடலடி மேடு பள்ளமும் ஒரு காரணமா இருக்கலாம், இல்லேங்கல, ஆனா பாறை இருந்தா அலையோட வேகம் கொறையுங்கறது உண்மை.

நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்துச்சு, அதுல 2 தீவு முங்கியே போச்சு. சுனாமியால இல்லீங்க, சுண்ணாம்புக்கு பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததால.

இதை ஏன் இங்க எழுதுறேன்னா, ராமேஸ்வரமோ அந்தமானோ டூர் போயிட்டு வந்த நம்ம ஊரு வீடுகள்ல டிவி பக்கத்துல ஒரு வெள்ளைப் பவளக் கொத்து இருக்கும், மீன் தொட்டியிலயும் போட்டு வச்சிருப்பாங்க. 2001ல இருந்து இது வனவிலங்கு சட்டம் முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு என்ன சட்டமோ அதேதான். "செத்ததுதான் சார், கரையில ஒதுங்குனது"ன்னு கடைக்காரர் சொல்வாரு, நம்பாதீங்க, செத்ததுக்கும் அதே சட்டம்தான். அதுவுமில்லாம புதுப் பவளத்தோட லார்வா, அதாவது குஞ்சு, வந்து ஒட்டுறதே இந்த மாதிரி செத்த பாறை மேலதான், அதையும் பேக்குல போட்டு எடுத்துட்டு வந்துட்டா அது எங்க போய் ஒட்டும்?