மலை வளைவில் சக்கரம் ஏன் கிறீச்சிடுகிறது?

மதுரையிலிருந்து குருவாயூர் போகும் ரயில், செங்கோட்டை தாண்டியதும் வேறு ஆளாகிவிடும். அதுவரை ஓடிய ஓட்டமெல்லாம் அடங்கி, மலையை ஒட்டி ஊர்ந்து போகும். ஆரியங்காவு பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அடியிலிருந்து கிறீச் சத்தம் கேட்கும். சக்கரம் தேய்கிற சத்தம் அது.

மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. சக்கரங்கள் தனித்தனியாகச் சுற்றும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடினாலும் உள்சக்கரத்துக்குக் கவலையில்லை. ரயிலிலோ இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கியிருப்பார்கள். ஒன்று எத்தனை சுற்றோ, மற்றதும் அத்தனைதான். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் கூட. அந்த மிச்சத்தை எப்படி ஓடுவது?

டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றைத் தரையில் உருட்டிப் பாருங்கள், வாய் பெரிதாக இருப்பதால் வளைந்து ஓடும். ரயில் சக்கரமும் அப்படித்தான். தட்டையாக இல்லாமல் 20க்கு 1 என்ற சரிவில் கடைந்திருக்கும், உள்பக்கம் பெருத்திருக்கும். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகர, வெளிச்சக்கரம் தன் பெருத்த பகுதியிலும் உள்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளும். கணக்கு நேராகிவிடும்.

கூர்மையான வளைவில்தான் சிக்கல். நம் அகலப் பாதையில் 10 டிகிரி வளைவு என்றால் ஆரம் 175 மீட்டர். 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் வெளித் தண்டவாளத்தில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். 20க்கு 1 சரிவு மட்டும் அதைச் சமாளிக்க வேண்டுமானால் அச்சு 46 மில்லிமீட்டர் நகர வேண்டும். சக்கர விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பக்கத்துக்கு இருக்கும் இடைவெளியோ 10 மில்லிமீட்டர்கூட இல்லை!

அப்புறம் என்ன, சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தில் போய் முட்டும். சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்ப முட்டுக்கட்டை போடுவார்களே, இங்கே அந்த வேலையை இந்த விளிம்பு செய்கிறது. போகியும் ஒத்துழைக்காது. (நாம் பெட்டியையே போகி என்கிறோம், உண்மையில் அது பெட்டிக்கு அடியில் இருக்கும் நாலு சக்கர வண்டி.) அதன் இரண்டு அச்சுகளும் இணையாகவே நிற்பதால், சக்கரம் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு வேறு திசையில் இழுபடும். உள்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கிப் பிடிப்பதில் பிறப்பதுதான் அந்தக் கிறீச். விளிம்பு மெலிந்தால் கடைசல் எந்திரத்தில் முழுச் சக்கரத்தையும் சீவ வேண்டும். எல்எச்பி எனும் ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டியின் சக்கரம் 845 மில்லிமீட்டருக்கு வந்தால் கழித்துவிடுவார்கள்.

சரி, சரிவைக் கூட்டி, அச்சைத் தளர விட்டால்? வளைவில் நல்லதுதான். ஆனால் நேர்ப்பாதையில் வேகமெடுக்கும்போது வண்டி பாம்பாக நெளியும். நெளிவின் அலைநீளத்துக்கு 1883லேயே ஜெர்மன் பொறியாளர் கிளிங்கல் சூத்திரம் கொடுத்தார். நெளிவை அடக்க எல்எச்பி போகியில் தனி டேம்பர் (அசைவைத் தணிக்கும் கருவி) உண்டு. எனக்குப் பிடித்த தீர்வு தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஷெஃபல் 1970களில் செய்தது: இரண்டு அச்சுகளையும் குறுக்குக் கம்பிகளால் பிணைத்தார். வளைவில் அவை எதிரெதிராகத் திரும்பலாம். சேர்ந்து நெளிய முடியாது.

மலைப்பாதையில் எளிய வைத்தியம் கிரீஸ். வெளித் தண்டவாளத்தின் உள்பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டும். மேலே பட்டால் ஏற்றத்தில் எஞ்சின் வழுக்கும். குற்றாலச் சாரல் காலத்தில் தண்டவாளம் நனைந்து சத்தம் குறையும். ஆனால் எஞ்சின் சக்கரம் பிடிமானத்துக்கு மணல் கேட்கும்.