மெய்நிகர் இசைக்குழு

ஆங்கிலத்தில் 'வெர்ச்சுவல் பேண்ட்' எனப்படுவதைத் தமிழில் மெய்நிகர் இசைக்குழு என்கிறோம். குழுவினரின் முகம், பெயர், பிறந்த கதை எல்லாம் புனைவு. அவர்கள் பெயரில் வெளிவரும் பாட்டு மட்டும் அசல். 'போலி இசைக்குழு' என்று எழுதுவது பொருந்தாது. போலி என்றால் ஏமாற்று இருக்க வேண்டும். இங்கே பாடுவது கார்ட்டூன் உருவம் அல்ல என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். 'அனிமேஷன் இசைக்குழு' என்பதும் முழுதாகச் சரியில்லை. இத்தகைய குழுக்கள் சித்திரக்கதையிலும் பிறந்திருக்கின்றன, வெறும் ஒலித்தட்டிலும் பிறந்திருக்கின்றன.

'வெர்ச்சுவல்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. லத்தீனில் 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து வந்த 'விர்த்தூஸ்' ஆண்மை, வீரம், ஆற்றல் என்று விரிந்தது. இடைக்கால லத்தீனில் 'விர்த்துவாலிஸ்' ஆற்றல் உடையதைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபின், உருவில் அதுவாக இல்லாவிட்டாலும் விளைவில் அதுவாகவே இருப்பது என்ற பொருள் நிலைத்தது. கணினித் துறை எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான்: வட்டில் ஒதுக்கிய இடம் நினைவகம் போல வேலை செய்தால் அது 'வெர்ச்சுவல்' நினைவகம்.

தமிழில் மெய் என்பதற்கு உண்மை என்றும் உடம்பு என்றும் பொருள் உண்டு. மெய்சிலிர்ப்பதும் மெய்ப்பாடு தோன்றுவதும் உடம்பில்தான். நிகர் என்றால் ஒப்பு. ஆக மெய்நிகர் என்பது உண்மைக்கு ஒப்பானது, உடம்புக்கு ஒப்பானது என்று இரண்டு வகையிலும் விரியும். உடம்பே இல்லாத இசைக்குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி கிடைப்பது அரிது. ('வெர்ச்சுவல் ரியாலிட்டி'யை 'மெய்நிகர் உண்மை' என்று எழுதுவோர், மெய் என்றாலே உண்மை என்பதை மறந்துவிடுகிறார்கள். மெய்நிகர் உலகம் என்றாலே போதும்.)

ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சொல் ஒட்டாது. ஒளியியலில் 'வெர்ச்சுவல்' பிம்பம் என்பது மாய பிம்பம். இலங்கைப் பாடநூல்களில் மாயவிம்பம். அங்கே மெய் பிம்பம் அதன் நேர் எதிர்ச்சொல். திரையில் விழுவது மெய், கண்ணாடிக்குள் தெரிவது மாயம். ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீரை மறைநீர் என்கிறோம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் துறைக்கொரு தமிழ்ச் சொல் இருப்பது குறையல்ல. பொருள் பிரிந்த இடத்தில் சொல்லும் பிரிந்திருக்கிறது.

'வெர்ச்சுவல் பேண்ட்' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது கொரில்லாஸ் குழு. பிரிட்டிஷ் ராக் குழுவான பிளரின் பாடகர் டேமன் ஆல்பர்னும், சித்திரக்கதை ஓவியர் ஜேமி ஹியூலெட்டும் 1998இல் லண்டனில் இதைத் தொடங்கினர். பாடகர் டூ-டி, பேஸ் கிதார் மர்டாக், கிதார் நூடுல், டிரம்ஸ் ரஸல் என நான்கு வரைந்த உருவங்கள். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம் பிரிட்டனில் 2001 மார்ச் 26 அன்று வந்தது. தயாரிப்பில் முக்கியப் பங்கு ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் டான் தி ஆட்டோமேட்டருடையது.

வகைமைக் கலப்பு, அதாவது பல இசை வகைகளை ஒன்றாகக் கலப்பது என்பதற்கு இந்த ஆல்பத்தின் 'கிளின்ட் ஈஸ்ட்வுட்' பாட்டு நல்ல சான்று. அடித்தாளம் ஆம்னிகார்டு என்ற சுசுகி மின்னிசைக் கருவியில் முன்பே பதிந்து வரும் 'ராக் 1' தாளம். பொத்தானை அழுத்தினால் அப்படியே ஒலிக்கும். இதை 2023இல் ஒரு நேர்காணலில் ஆல்பர்னே வாசித்துக் காட்டினார். அதன்மேல் ஜமைக்காவின் டப் இசைக்கே உரிய மெலோடிகா (வாயால் ஊதி, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவி), சோர்ந்த குரலில் ஒரு பல்லவி, நடுவே டெல் தி ஃபங்கி ஹோமோசேப்பியனின் ராப். அந்த ராப் குரலுக்கும் புனைவில் இடம் உண்டு: ரஸலின் தலைக்குள் குடியிருக்கும் ஆவி அது. இன்னொரு பாட்டில் கியூபாவின் மூத்த பாடகர் இப்ராஹிம் ஃபெர்ரர் பாடுகிறார். ஒரு முகத்தை நம்பிய குழு இப்படித் தாவினால் ரசிகர் குழம்புவர். வரைந்த முகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. கலப்பு சாத்தியமானதில் புனைவுக்குப் பாதிப் பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

மேடைதான் கடினம். 2001 நிகழ்ச்சிகளில் இசைக்கலைஞர்கள் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க, திரையில் சித்திரங்கள் ஓடின. 2005இல் லிஸ்பனில் நடந்த எம்டிவி ஐரோப்பிய விருது விழாவில் உருவங்களே மேடையில் நின்றன. அதை ஹாலோகிராம் என்று எழுதுவது பரவலான பிழை. அது 1862இல் லண்டனில் காட்டப்பட்ட 'பெப்பர் ஆவி' உத்தியின் புதிய வடிவம். மேடைக்குக் குறுக்கே மெல்லிய ஒளிபுகும் படலத்தை ஏறத்தாழ 45 பாகை சாய்த்து இழுத்துக் கட்டுவார்கள். பார்வையாளருக்குத் தெரியாத இடத்தில் ஓடும் ஒளிப்படம் அதில் பட்டுத் திரும்பும். உருவம் படலத்துக்குப் பின்னால் நிற்பது போலத் தெரியும். ஒளியியல் கணக்குப்படி இது அசல் மாய பிம்பம்! ஆக மெய்நிகர் இசைக்குழு மேடையேறும்போது மாய பிம்பமாகிறது. இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில் தேவை. இதில் கோளாறு வருவது பேஸ் ஒலியால். தாழ்ந்த அதிர்வெண் படலத்தை அதிரச் செய்யும், உருவம் நெளியும், மாயம் கலையும். அதனால் ஒலியைத் தணித்தே வைக்க வேண்டியிருந்தது.

இந்த வகை கொரில்லாஸோடு பிறந்ததும் அல்ல. 1958இல் ராஸ் பக்தசாரியன் உருவாக்கிய சிப்மங்க்ஸ் என்ற பாடும் அணில்களுக்கு ஒலிநாடாதான் உடம்பு. நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மெதுவாகப் பாடிப் பதிந்து, இயல்பு வேகத்தில் ஒலிக்கவிட்டால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும். மெய்யெழுத்துகளை அழுத்தி உச்சரிக்காவிட்டால் வேகத்தில் சொல் கரைந்துபோகும். 1969இல் ஆர்ச்சீஸ் என்ற சித்திரக்கதைக் குழுவின் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடியவர் ரான் டான்டே.

2007இல் ஜப்பானில் வந்த ஹட்சுனே மிகு என்ற மென்பொருள் பாடகியை இந்த வரிசையில் வைக்கும்போது கவனம் வேண்டும். அங்கே குரலும் மென்பொருள் கோத்துத் தருவது. ஒரு நடிகையின் குரல் துணுக்குகள்தான் மூலம். தனி உருவம் என்பதால் அதை மெய்நிகர் பாடகி எனலாம், குழு எனக் கூடாது. பாட்டையே செயற்கை நுண்ணறிவு ஆக்கியிருந்தால் செயற்கை இசை என்று வெளிப்படையாக எழுதுவதே முறை.

கூடவரும் சொற்கள்: 'டெபியூ' ஆல்பத்தை முதல் ஆல்பம் எனலாம், அறிமுக ஆல்பம் என்பதும் வழக்கில் உண்டு. 'ஜானர்' வகைமை. ஆல்பத்துக்கு இசைத்தொகுப்பு நல்ல சொல். ஆனால் பழைய பாடல்களைத் திரட்டி வெளியிடுவதையும் தொகுப்பு என்கிறோம் என்பதால், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் ஆல்பம் என்றே எழுதிவிடுவது தெளிவு.