ஐதீகம்: சொன்னவர் யார் என்று தெரியாத பேச்சு

"இந்தத் தலத்தில் நெய் விளக்கேற்றி வழிபட்டால் திருமணத் தடை நீங்கும் என்பது ஐதீகம்." கோயில் செய்திகளிலும் பண்டிகைக் கட்டுரைகளிலும் நாம் அடிக்கடி பார்க்கும் வாக்கியம் இது. 'நம்பிக்கை' என்று மனதுக்குள் பொருள் சொல்லிக்கொண்டு கடந்துவிடுகிறோம். அது ஓரளவு சரிதான். ஆனால் எல்லா நம்பிக்கையும் ஐதீகம் ஆகிவிடாது. "என் மகன் தேறிவிடுவான் என்ற ஐதீகம் எனக்கு இருக்கிறது" என்று யாரும் எழுதுவதில்லை. அப்படியானால் இந்தச் சொல்லுக்குள் வேறு ஏதோ இருக்கிறது.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே இதன் வடிவம் 'ஐதிஹ்யம்'. அதைப் பிரித்தால் 'இதி', 'ஹ' என்று இரண்டு சின்னச் சொற்கள் கிடைக்கும். 'இதி' என்றால் 'என்று', 'இவ்வாறு'. 'ஹ' என்பது பழங்கதை சொல்லும்போது அழுத்தத்துக்காகச் சேர்க்கும் ஓர் அசை. இரண்டும் சேர்ந்து 'இவ்வாறாம்' என்கிற பொருளைத் தருகின்றன. இதே இரண்டோடு 'இருந்தது' என்று பொருள்படும் 'ஆஸ' சேர்ந்துதான் 'இதிஹாஸ' ஆனது. அதுவே நமக்கு இதிகாசம். ஆகவே ஐதீகமும் இதிகாசமும் ஒரு வேரில் பிறந்தவை. தொடக்கத்து இகரம் ஐகாரமாக மாறியிருப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. சிவன் சைவம் ஆவதும், விஷ்ணு வைணவம் ஆவதும், இந்திரன் ஐந்திரம் ஆவதும் இந்த முறையில்தான்.

இந்தச் சொல்லுக்குப் பெரிய வேலை கொடுத்தவர்கள் தருக்க நூலார். ஒன்றை உண்மை என்று எப்படி அறிகிறோம் என்று ஆராய்ந்து, அறியும் வழிகளை அவர்கள் பட்டியலிட்டார்கள். பிரமாணம் என்பது அவர்கள் சொல்; தமிழில் அளவை. கண்ணால் காண்பது ஓர் அளவை. புகையைப் பார்த்து நெருப்பு இருப்பதை உணர்வது இன்னோர் அளவை. அந்த வரிசையில் ஐதிஹ்யத்தையும் சிலர் சேர்த்தார்கள். வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் (காமசூத்திரம் எழுதியவர் வேறு) அதற்குச் சொல்லும் இலக்கணம் மிகத் துல்லியமானது. 'இப்படிச் சொன்னார்கள்' என்று, முதலில் சொன்னவர் இன்னார் எனக் குறிக்கப்படாமல், வழிவழியாக வந்துகொண்டிருக்கும் பேச்சு ஐதிஹ்யம் என்கிறார் அவர். நியாய நூலார் அதைத் தனி அளவையாக ஏற்கவில்லை. பிறர் சொல் கேட்டு அறிவது என்ற அளவைக்குள்ளேயே அதுவும் அடங்கிவிடும் என்று முடித்துவிட்டார்கள்.

தமிழில் இந்தச் சொல்லை நான் மிகவும் விரும்பிப் படித்த இடம் மணிமேகலை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிச் சென்று கொள்கை கேட்கிறாள். 27-ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான்: காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, ஒழிவறிவு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறான். ஐதிகம் வரும்போது,

"ஐதிகம் என்பது உலகு மறை இம்மரத்து
எய்தியது ஓர் பேய் உண்டு எனத் தெளிதல்"

என்கிறான். இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதைக் கேட்டு அதை உண்மை என்று கொள்வதுதான் ஐதிகம். இந்த எடுத்துக்காட்டு மணிமேகலையை இயற்றிய சாத்தனாருடைய கற்பனை இல்லை. 'இந்த ஆலமரத்தில் ஒரு யட்சன் வாழ்கிறான்' என்பது வடமொழித் தருக்க நூல்களில் இதற்கென்றே வழங்கிய வாக்கியம். யட்சனைப் பேயாக்கியபோது அது அப்படியே நம் ஊர்ப் புளியமரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதே காதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பத்து அளவைகளையும் விரித்த பிறகு, "இப்போது இயன்றுள அளவைகள்" என்று ஆறை மட்டும் எண்ணிக்காட்டுகிறான் அளவைவாதி. அந்த ஆறில் ஐதிகம் இல்லை. 29-ஆம் காதையில் மணிமேகலையின் பௌத்த ஆசானான அறவண அடிகள் இன்னும் சுருக்கி, காட்சி, கருத்து என்று இரண்டே அளவைகள்தாம் என்கிறார். மணிமேகலை எழுதப்பட்ட காலத்திலேயே, ஊர்ப்பேச்சை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி தமிழில் கேட்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு 'ஐதீகம்' என்று எழுதுகிற யாரும் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வைணவ உரைமரபில் இந்தச் சொல் கொஞ்சம் வேறு வழியில் போனது. திவ்வியப் பிரபந்தத்துக்குத் தமிழும் வடமொழியும் கலந்து எழுதப்பட்ட மணிப்பிரவாள உரைகளில், ஆசாரியர்கள் வாழ்வில் நடந்ததாகச் சொல்லப்படும் சிறு நிகழ்ச்சிகளுக்கு ஐதிஹ்யம் என்று பெயர். அங்கே யார் கேட்டார், யார் விடை சொன்னார் என்பதெல்லாம் பெயரோடு வரும். ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு வந்தது என்ற பொருளில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. மலையாளத்தில் ஐதிஹ்யம் என்றால் பழங்கதை. கொட்டாரத்தில் சங்குண்ணி கேரளத்துப் பழங்கதைகளைத் தொகுத்து வைத்த பெயரே 'ஐதிஹ்யமாலை'. நம்மிடம் மட்டும் அந்தச் சொல், பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில், 'என்பது ஐதீகம்' என்று உட்கார்ந்துவிட்டது.

அப்படி உட்கார்ந்ததில் சில குழப்பங்களும் சேர்ந்தன. "தீபாவளியன்று அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஐதீகம்" என்று எழுதுகிறார்கள். குளிப்பது ஒரு செயல். அதற்கு வழக்கம், மரபு என்ற சொற்கள் இருக்கின்றன. அன்றைக்கு எண்ணெயில் திருமகளும் வெந்நீரில் கங்கையும் இருக்கிறார்கள் என்பதுதான் ஐதீகம். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று விசாரிப்பதெல்லாம் அதிலிருந்து வந்தது. அதேபோல, 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தன்று கங்கை முதலிய நதிகள் கும்பகோணத்துக் குளத்துக்கு வந்து சேர்கின்றன என்பது ஐதீகம். அந்தக் குளத்தைச் சுற்றி இருக்கும் 16 மண்டபங்களைத் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டினார் என்பது வரலாறு. இரண்டையும் ஒரே மூச்சில் ஐதீகம் என்று முடித்தால் தீட்சிதருடைய உழைப்பும் ஊர்ப்பேச்சாகிவிடும்.

இன்னொன்றும் எனக்கு வருத்தம் தரும். தலபுராணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் கதையைக்கூட ஐதீகம் என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதிய புலவர் பெயர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. வாத்ஸ்யாயனர் சொன்ன இலக்கணப்படி அது ஐதீகமே ஆகாது. 'என்கிறது தலபுராணம்' என்று எழுதினால் படிப்பவர் தேடிப் போக ஒரு வழியாவது கிடைக்கும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது?

'தொன்மம்' என்று சிலர் சொல்கிறார்கள். அது பழங்கதைக்குப் பொருந்தும். ஆனால் விளக்கேற்றினால் தடை நீங்கும் என்பதில் கதை எதுவும் இல்லை. 'செவிவழிச் செய்தி' என்பது நெருங்கி வருகிறது. ஆனால் அதில் கேட்பது மட்டும்தான் இருக்கிறது, ஏற்றுக்கொள்வது இல்லை. 'மூடநம்பிக்கை' என்பது தீர்ப்பு. ஐதீகம் என்ற சொல் யாரையும் குறை சொல்வதில்லை என்பதால் அது இதற்கு நேராகாது.

'நம்பிக்கை' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். நம்பு என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் பொருள் விரும்புதல்தான். ஒருவரை ஏற்று உறுதிகொள்வதற்குப் பழந்தமிழில் வழங்கியவை தேறு, தெளி என்ற சொற்கள். "தேறற்க யாரையும் தேராது" என்கிற வள்ளுவர் அந்த 51-ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயர் 'தெரிந்து தெளிதல்'. மணிமேகலை வரியிலும் 'தெளிதல்' என்றுதான் வருகிறது. இன்றைய நம்பிக்கையில் எதிர்பார்ப்பும் விருப்பமும் கலந்தே இருப்பதற்கு அந்தப் பழைய பொருளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தனியாக நின்றால் அது விரிந்த சொல். முன்னால் ஓர் அடை சேர்த்தால் பொருள் அமைந்துவிடும். 'வழிவழி நம்பிக்கை' என்பதையே நான் ஐதீகத்துக்குச் சரியான தமிழாகக் கொள்கிறேன். 'தொல்நம்பிக்கை' என்பதும் நல்ல ஆக்கம்தான்.

பல இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது. 'இதி ஹ' என்று வடமொழி சொன்னதை நம் வினைச்சொல் தன் விகுதியிலேயே வைத்திருக்கிறது. "அந்த மரத்தில் பேய் இருக்கிறதாம்." அந்த 'ஆம்' போதும். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், இன்னார் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாது என்ற அத்தனையும் அதில் வந்துவிடுகிறது. எழுத்துநடை வேண்டும் என்றால் 'என்பார்கள்' இருக்கிறது. அதன் பழைய வடிவமான 'என்ப' தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே இருக்கிறது. "மகாமகத்தன்று கங்கை இந்தக் குளத்துக்கு வருகிறாள் என்பார்கள்" என்று எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை.

கடைசியாக, எழுத்து வடிவம். மணிமேகலையில் இருப்பது 'ஐதிகம்', குறில். இதிஹாஸம் இதிகாசம் ஆனதைப் போல ஹகரம் ககரமாகி வந்த வடிவம் அது. 'தீ' என்று நீட்டுவதற்கு மூலச்சொல்லில் இடம் இல்லை. ஆனால் இன்றைக்குப் பேச்சிலும் அச்சிலும் ஐதீகமே நிலைத்துவிட்டது. அதைப் பிழை என்று திருத்தப் போக வேண்டியதில்லை. பழைய நூல்களில் தேடும்போது மட்டும் 'ஐதிகம்' என்று தேடுங்கள்.