நீரேற்று மின்நிலையம்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், இலங்கையில் கூரையில் சோலர் வைத்திருந்தவர்களைப் பகலில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். வெயில் இருந்தது, கறண்டும் இருந்தது. வாங்கி வைக்கத்தான் இடமில்லை. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே வரும் சொல் 'பம்ப்ட் ஸ்ரோறேஜ்'.

மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம். மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த்தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். இரவில் தேவை கூடும்போது சுழலி வழியாக இறக்குவார்கள். ஏற்றச் செலவான நூறு யூனிற்றில் எழுபது, எண்பது திரும்பும். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் 1900களின் தொடக்கத்திலேயே இப்படியொன்றைக் கட்டிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு 'நீரேற்றுப் புனல் மின்நிலையம்' என்று பெயர். 1987இல் இயங்கத் தொடங்கிய கடம்பாறை, 400 மெகாவாற், அந்த வகை. புனல், தண்ணீருக்கு நல்ல பழஞ்சொல்தான். ஆனால் எங்கள் வீடுகளில் புனல் என்றால் போத்தலுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற வைக்கும் கூம்பு. இங்கே 'நீர்மின்' என்றே பழகிவிட்டோம். வெறும் 'நீரேற்று நிலையம்' என்றால் குடிதண்ணீர் பம்ப் செய்யும் இடமாகிவிடும். 'மின்தேக்கம்' என்று சுருக்கினால் மின்தேக்கியோடு (கப்பாசிற்றர்) குழம்பும். அதோடு, அங்கே தேங்கி நிற்பது மின்சாரமும் அல்ல, உயரத்துக்குப் போன தண்ணீர். ஆகவே நான் எழுதுவது நீரேற்று மின்நிலையம்.

'ஏற்று' என்பதை விடவே கூடாது. தோட்டக் கிணற்றில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் மிதிப்பார். தண்ணீர் அள்ளும் பட்டை மேலே வந்ததும் மற்றவர் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். தண்ணீரை ஏற்றுவதன் பாரம் அந்தக் காலுக்குத் தெரியும்.

இந்தத் திட்டங்களின் கஷ்டமும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. இழப்பே இல்லையென்று வைத்தாலும், ஒரு யூனிற்றுக்கு ஆயிரம் லீற்றர் தண்ணீர் 367 மீற்றர் இறங்கவேண்டும். பத்து மீற்றர் உயரத் தண்ணீர்த் தாங்கி என்றால் கிட்டத்தட்ட 37,000 லீற்றர். சரி, யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? போதாததற்கு எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் கீழே விட்டுவிடும்.

அதனால்தான் 600 மெகாவாற் மகா ஓயா நீரேற்று மின்நிலையத் திட்டத்துக்கு அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கத்து மலைகளைப் பார்த்தார்கள். அரநாயக்கவில் 2016 மே மாதம் மண்சரிவு வந்து ஊர்களையே மூடியது. அந்தப் பகுதியில் குளம் கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் போடுவதற்கு முன், பாறையை ஆண்டுக்கணக்கில் துளைத்துப் பார்த்தே ஆகவேண்டும். மன்னார்க் காற்றில் எடுக்கும் மின்சாரமும் அந்தத் தண்ணீரை ஏற்றவேண்டுமானால், கம்பி வழியே மலைநாடுவரை போகவேண்டும்.