மறதிக்காரக் காந்தம்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "காந்த வளையல் போட்டால் ரத்த ஓட்டம் சீராகும் என்பதை மூடநம்பிக்கை என்று எழுதினீர்கள். சரி. ஆனால் இரும்புத் துகளில் மருந்தை ஏற்றி, காந்தத்தால் புற்றுநோய்க் கட்டிக்கு இழுத்துப் போகலாம் என்று செய்தி வருகிறதே. அங்கேயும் இரும்பு, இங்கேயும் இரும்பு. அது மட்டும் எப்படி அறிவியல்?"

நியாயமான கேள்வி. வளையலை முதலில் முடித்துவிடலாம். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருப்பவை நான்கே இரும்பு அணுக்கள், அவையும் தனித்தனியாக. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதில்லை. மிக லேசாகத் தள்ளத்தான் செய்கிறது. 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரை மணி நேரம் படுத்தவர்கள்கூட ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்காமல்தான் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். கையில் கட்டும் வளையலா இழுத்துவிடப் போகிறது?

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் துகள் வேறு ஜாதி. அது மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடு. 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர், மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறுக்களவுள்ள ஒரே துகளில் சுமார் 20 ஆயிரம் இரும்பு அணுக்கள் இருக்கும். அவை அத்தனையும் கட்டுப்பட்டு, ஒரே காந்தமாக நடந்துகொள்ளும். செய்வதும் எளிது. கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு வகை இரும்பு உப்புகளைக் கரைத்தால் காவி கலந்த மஞ்சளாக ஒரு கரைசல். அம்மோனியா விழுந்ததும் அது மை போலக் கறுத்துவிட்டது. பீக்கரின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தேன். கறுப்பெல்லாம் அந்தச் சுவரில் போய் அப்பிக்கொண்டது. காந்தத்தை எடுத்துவிட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் பழையபடி மை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டவே இல்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்குக் கொள்ளை ஆசை. சேஃப்டி பின்னைக் காந்தத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். காந்தத்தை எடுத்த பிறகும் பின் இன்னொரு பின்னை இழுக்கும். பட்ட காந்தத்தை அது மறப்பதில்லை. இப்படி நினைவுள்ள துகள்களை ரத்தத்தில் விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும், நுண்குழாய்களை அடைக்கும். நமக்கு வேண்டியது, காந்தம் பக்கத்தில் இருக்கும்போது காந்தமாக இருந்து, எடுத்த மறுகணமே எல்லாவற்றையும் மறந்துவிடும் துகள்.

அந்த மறதி எப்படி வருகிறது? பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டே குழிகள், ஒரு புளியங்கொட்டை. துகளின் காந்தம் 'மேலே' பார்ப்பது ஒரு குழி, 'கீழே' பார்ப்பது மற்றொன்று. உடம்பின் சூடு பலகையை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. குழி ஆழமாக இருந்தால் கொட்டை கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆழமில்லாவிட்டால் அங்கும் இங்கும் குதித்தபடி இருக்கும். அந்த ஆழம் எதைப் பொறுத்தது? துகளின் கன அளவை. அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆழம் சீராகக் கூடினால் காத்திருக்கும் நேரம் அடுக்கேற்றத்தில் எகிறும். 10 நானோமீட்டர் துகளுக்குக் கணக்குப் போட்டால், ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் சில பங்கு நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுகிறது. 20 நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிநொடிக்குள். 30 நானோமீட்டருக்கு? கணக்கில் நீங்கள் எந்த மாறிலியைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை சில மாதங்களிலிருந்து நூற்றாண்டுகள் வரை போகும். குறுக்களவு மும்மடங்கு, கனம் 27 மடங்கு. அதற்குள் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லாதது ஒரு சாம்ராஜ்யத்தின் ஆயுளாகிவிடுகிறது! இந்தக் கணக்கை எப்போது போட்டாலும் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி சரிபார்ப்பேன். சிறு துகள்களின் இந்த மறதிக்குச் சூப்பர் பாராகாந்தத் தன்மை என்று பெயர்.

இதற்கான கோட்பாட்டை 1949இல் எழுதியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். அந்தக் கட்டுரையில் அவர் விளக்க முயன்றவற்றில் ஒன்று, சுட்ட களிமண் பூமியின் காந்தப்புலத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பது. பானை ஓட்டுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் நிதி விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நீலின் ஞாபகம் வரும். நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காமல், அந்தக் கொஞ்சத்துக்கும் இப்படிப் பதில் கேட்கிறோம்.

சரி, மருந்துக்கு வருவோம். துகளுக்கு டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலியால் மேல்பூச்சு கொடுத்து, மருந்தை ஒட்டி, ஊசியில் ஏற்றியாயிற்று. வெளியே காந்தம். இழுபடுமா? மீட்டருக்கு 10 டெஸ்லா என்று தாராளமான புலச்சரிவை (தூரம் கூடக்கூடப் புலம் குறையும் வீதத்தை) வைத்துக் கணக்குப் போட்டேன். அசையாத நீரில் 10 நானோமீட்டர் துகள் நொடிக்கு சுமார் 25 நானோமீட்டர் நகர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தலைமுடியின் தடிமன்! மெதுவாக ஓடும் நுண்குழாயில்கூட ரத்தத்தின் வேகம் நொடிக்கு அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். துகளைப் பெரிதாக்கினால் வேகம் கூடும், ஆனால் மறதி போய்விடும். அதனால் சிறு துகள்கள் பலவற்றை ஒரு பாலிமர் உருண்டைக்குள் கட்டி அனுப்புகிறார்கள்.

அதற்கு மேலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல, வெளியிலிருக்கும் காந்தத்தின் புலத்தை உடம்புக்குள் ஒரு புள்ளியில் குவிக்க முடியாது. புலம் எப்போதும் காந்தத்தை ஒட்டிய பக்கத்தில்தான் அதிகம். துகள்கள் தோலை நோக்கியே வரும். ஆழத்திலிருக்கும் கட்டி தப்பித்துவிடும். 1996இல் ஜெர்மனியில் 14 நோயாளிகளுக்கு எபிரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் பாதிப் பேரிடம்தான் துகள்கள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே வாசகருக்கு என் பதில்: அறிவியல்தான், ஆனால் 'காந்தத்தால் புற்றுநோய்க்குத் தீர்வு' என்ற தலைப்பைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை கல்லீரல். அங்குள்ள குப்ஃபர் செல்கள் ரத்தத்தில் அந்நியமாக எது வந்தாலும் விழுங்குபவை. மருந்து ஏற்றிய துகள்களில் பெரும்பங்கு அவற்றின் வாயில்தான் போகிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களுக்கு அந்தப் பேராசையே வசதியாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவது உடம்பிலுள்ள நீரின் சமிக்ஞை. துகள் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் கலங்கி, சுற்றியுள்ள நீரின் சமிக்ஞை மங்குகிறது. துகளை விழுங்கிய நல்ல கல்லீரல் கறுப்பாகத் தெரியும். புற்றுக்கட்டியில் குப்ஃபர் செல்கள் அநேகமாக இருக்காது. அது மட்டும் வெளுப்பாக நிற்கும், மழைமேகத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் செய்தது இதைத்தான். வேலை செய்தும் அது கடையில் நிலைக்கவில்லை. 2008இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அதன் தம்பி ஃபெருமாக்ஸிடால் இன்றும் இருக்கிறது. 2009இல் அனுமதி கிடைத்தபோது அது படம் எடுக்கும் மருந்தல்ல, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான இரும்பு ஊசி. ஊசிக்கு 510 மில்லிகிராம் இரும்பு. போட்டுக்கொண்டவர்கள் மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், படம் மாறித் தெரியும். அதற்குப் பிறகு? குப்ஃபர் செல்கள் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, இரும்பை எலும்பு மஜ்ஜைக்கு அனுப்புகின்றன. ஒன்றாக நின்ற அந்த ஆயிரக்கணக்கான அணுக்களும் பிரிந்து, நான்கு நான்காக ஹீமோகுளோபினில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அப்புறம் எந்த வளையலும் அவற்றைக் கூப்பிட முடியாது.