மேம்பாலத்தில் திணறும் ஆறு சிலிண்டர்

மணலியிலிருந்து கன்டெய்னர் ஏற்றி வரும் மாதவரத்து வாசகர் ஒருவரின் கேள்வி: “மேம்பாலம் ஏறும்போது 1,100 ஆர்பிஎம்மில் வண்டி படுத்துவிடுகிறது. பம்பில் டீசலைக் கூட்டலாமா?” அவருடையது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டர்போ வண்டி.

டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் கூடும். இழுவைக்குக் காற்று வேண்டும். காற்றைத் தள்ளுவது டர்போ. டர்போவைச் சுற்றுவது புகை. குறைந்த வேகத்தில் புகையே கொஞ்சம்தான். அதை வீணாக்காமல் டர்பைனுக்கு, அதாவது புகை சுற்றும் டர்போ சக்கரத்துக்கு, கொண்டுபோக வேண்டும்.

இந்த விஷயத்தில் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜினுக்கு ஈடு கிடையாது. எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று என மாறி மாறி வருவதைப் பாருங்கள். கிராங்க் தண்டு சுற்றும் ஒவ்வொரு 120 பாகைக்கும் ஒரு வெடிப்பு. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு ஏறத்தாழ 230 பாகை திறந்தே இருக்கும். ஆறும் ஒரே குழாயில் கொட்டினால், 1-ஆம் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடிக்குமுன்பே 5-ஆம் சிலிண்டரின் வேகப்புகை வந்து அதைத் திருப்பித் தள்ளும். 1-2-3 ஒரு குழாய், 4-5-6 இன்னொரு குழாய் என்று பிரித்துவிட்டால், ஒவ்வொரு குழாயிலும் இடைவெளி 240 பாகை. 1,000 ஆர்பிஎம்மில் அது 40 மில்லிசெகண்ட். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு புகைத் துடிப்பும் முழு அழுத்தத்தோடு டர்பைனை அறையும். எந்த வித்தையும் இல்லாமல் கணக்கு தானாக இப்படி அமைந்திருப்பதுதான் அழகு.

அந்தப் பிரிவு டர்பைன் சக்கரம் வரை நீள வேண்டும். புதுப்பேட்டையில் பழைய டர்போ வாங்கினால், டர்பைனை மூடும் கூடு (ஹவுசிங்) இரட்டை வாய்தானா என்று பார்த்து, நடுச்சுவரில் விரிசல் இருக்கிறதா என டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கட்டிலும் நடுப்பட்டை இருக்க வேண்டும். ஒற்றைத் துளை கேஸ்கட் போட்டால் அந்த இடைவெளி வழியே இரு பக்கத் துடிப்பும் கலக்கும். சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிபோல்டு இணைப்புகளில் கரி படிந்திருந்தால் அங்கே லீக்.

அதற்கும் முன்னால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் 1.5 பார் காற்றடைத்து சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பாதி வண்டிகளின் நோய் இதிலேயே தீரும். டீசல் குழாயில் காந்தம் கட்டுகிறவர்கள் அந்தக் காசுக்கு, டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) காட்டும் ஒரு பூஸ்ட் கேஜ் வாங்கலாம். காந்தத்தால் டீசல் எரியும் விதம் மாறாது.

இன்னும் போதவில்லையென்றால் சிறிய ஏ/ஆர் ஹவுசிங், அதாவது புகைப்பாதை குறுகிய கூடு, போடலாம். பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் மேல் வேகத்தில் புகை தேங்கி வெப்பம் ஏறும், மிஞ்சும் புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட் தேவைப்படும். டீசலைத் தொடுவது கடைசியில்தான்: பூஸ்டுக்கேற்ப டீசலைக் கூட்டும் பம்பின் டயாஃப்ரம் ஸ்பிரிங்கைக் கால் சுற்று தளர்த்தி, லோடோடு ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. டர்பைனுக்கு முன்னால் வெப்பமானி வைத்து, நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள்.

இழுவை கூடினால் முதலில் வழுக்குவது கிளட்ச் பிளேட். பிஎஸ்-6 என்னும் புகை மாசு விதிப்படி வந்த வண்டியில் இதெல்லாம் வேண்டாம்; புகைச் சுத்திகரிப்பு அமைப்பு கெடும். எந்த வண்டியானாலும் தயாரிப்பாளர் விவரத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிறது. ஆர்டிஓவில் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.